கோழியும் தேனீயும்: தீவனத்திலும் இனப்பெருக்கத்திலும் நாள் கணக்கு தப்பும் இடங்கள்

முட்டை குறைந்தால் தீவன மூட்டையைச் சந்தேகப்படுகிறோம், தேன் குறைந்தால் ராணியைச் சந்தேகப்படுகிறோம். தீவனமும் நல்லது, இனமும் நல்லது என்றிருந்தும் விளைச்சல் வராத பண்ணைகள் நிறைய. அங்கெல்லாம் பெரும்பாலும் நாள் கணக்குதான் தப்பியிருக்கும்.

முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் இருக்கும். வளரும் கோழிக்கு 1 சதவீதமே போதும். ‘சீக்கிரம் முட்டைக்கு வரட்டும்’ என்று பத்து வாரக் கோழிக்கே அந்தத் தீவனத்தைப் போட்டால், மிச்சக் கால்சியத்தை வெளியேற்றிச் சிறுநீரகம் பழுதாகிவிடும். இறந்த கோழியை அறுத்துப் பார்த்தால் இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகப் படிந்திருக்கும். அது பழுதான சிறுநீரகம் வெளியேற்ற முடியாமல் போன யூரிக் அமிலம். முதல் முட்டைக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு கால்சியத்தைக் கூட்ட ஆரம்பித்தால் போதும்.

முட்டையிடத் தொடங்கிய பிறகு நாளைவிட வேளை முக்கியம். ஓர் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் தேவை. ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பகுதி இரவில், கோழி எதுவும் தின்னாத நேரத்தில். காலையில் தின்ற சுண்ணாம்புத் தூள் அதற்குள் கரைந்து போயிருக்கும். கிளிஞ்சல் நொறுங்கைச் சாயங்காலம் வைத்தால் அது அரைவைப்பையில் தங்கி, இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அது இல்லாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு செய்யும். ஓடு மெலிவதும், நன்றாக இட்டுக்கொண்டிருந்த கோழி கால் தளர்ந்து உட்கார்ந்துவிடுவதும் அதனால்தான்.

செலவைக் குறைக்க, வாங்கிய தீவனத்தில் தானியத்தையும் தவிட்டையும் கலக்கிறார்கள். வயிறு நிறையும், ஆனால் புரதமும், அதிலும் முக்கியமாக அதன் கூறுகளான மெத்தியோனினும் லைசினும் குறைந்துவிடும். முட்டை சிறுத்த பிறகுதான் அது தெரியவரும். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை வெயிலில் காயவைத்துப் போடுவது இன்னும் மோசம். ஈரம் போகும், அஃப்ளடாக்சின் நச்சு போகாது. வாத்துக் குஞ்சுகள் அதற்குக் கோழியைவிடச் சீக்கிரம் பலியாகும்.

இனப்பெருக்கத்துக்கு வருவோம். வணிகக் கலப்பினக் கோழியின் முட்டையை அடை வைத்து அதே தரத்தில் குஞ்சு எதிர்பார்ப்பது வீண். பல தனி வழிகளைக் கலந்து ஒரு தலைமுறைக்காக உருவாக்கிய கோழி அது, அடுத்த தலைமுறையில் குணங்கள் சிதறிவிடும். எடை கூடிய சேவலையே வருஷாவருஷம் தேர்ந்தெடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேகமாக எடை போடும் குணமும் நிறைய முட்டையிடும் குணமும் பொதுவாக எதிரெதிர்த் திசையில் போகின்றன. இரண்டும் வேண்டுமென்றால் சேவலின் தாய், சகோதரிகள் எத்தனை முட்டையிட்டன என்ற பதிவைப் பார்த்துத்தான் அதைத் தேர்ந்தெடுக்க முடியும்.

சேவலை மாற்றியதும் அடுத்த வாரமே முட்டை சேர்ப்பதும் பலர் செய்யும் தவறு. கோழியின் உடலில் பழைய சேவலின் விந்து இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம்கூட உயிரோடு இருக்கும். குறைந்தது மூன்று வாரம் பொறுத்தால்தான் குஞ்சின் தகப்பன் யார் என்று உறுதியாகச் சொல்லலாம். காடை வளர்ப்பவர்கள் இரத்த உறவுக்குள் சேர்வதைப் பற்றி இரட்டிப்புக் கவனத்தோடு இருக்க வேண்டும். அண்ணன் தங்கைகளே சேர்ந்துகொண்டிருந்தால் சில தலைமுறைகளிலேயே பொரிப்பு விழுந்துவிடும்.

தேனீக்கு எல்லாக் குறைக்கும் சர்க்கரைப் பாகுதான் மருந்து என்று நினைக்கிறோம். பாகு வெறும் எரிபொருள். புழு வளர்க்கப் புரதம் வேண்டும், அது மகரந்தத்திலிருந்துதான் வர வேண்டும். மகரந்தம் இல்லாத காலத்தில் பாகை மட்டும் ஊற்றினால் ராணி முட்டையிடும், புழுவுக்கு ஊட்டும் வேலைக்காரத் தேனீக்களால் அதைக் காப்பாற்ற முடியாது. பாகிலும் கணக்கு உண்டு. கூட்டம் பெருக வேண்டுமானால் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு, பஞ்ச காலத்துக்குச் சேமிக்க வேண்டுமானால் இரண்டுக்கு ஒன்று. பெட்டியின் மேல் தேன் சேரும் அறையை வைத்த பிறகும் பாகு கொடுத்தால் நீங்கள் எடுப்பது தேனே அல்ல. வெல்லமும் பழுப்புச் சர்க்கரையும் பேதியை உண்டாக்கும். வேறு பண்ணையின் தேனை உணவாக வைக்கவே வைக்காதீர்கள். புழுக்களை அழுகவைக்கும் அமெரிக்க ஃபவுல்புரூட் நோயின் வித்துகள் அதில் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும்.

ராணியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு பெட்டிக்குப் பாகு, இன்னொன்றுக்கு இல்லை என்றிருந்தால் தேன் அளவை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. பாகு குடித்த பெட்டியின் ராணியைத்தான் சிறந்தது என்று நம்பிவிடுவோம்.

ராணி வளர்க்க எடுக்கும் புழு முட்டையிலிருந்து வந்து ஒரு நாளுக்குள் இருக்க வேண்டும். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது என்று பெரிய புழுவை எடுத்தால் ராணி பிறக்கும், ஆனால் சூலகம் சிறுத்துப்போகும்.

இதையெல்லாம் சரியாகச் செய்பவர்கள்கூட ஆண் தேனீயை மறந்துவிடுகிறார்கள். வீணாகத் தின்கிறது என்று ஆண் புழு வளரும் அறைகளை வெட்டி எறிந்துவிட்டு, ராணி சரியாகச் சேரவில்லை என்று வருந்துகிறார்கள். மெல்லிஃபெரா என்ற ஐரோப்பியத் தேனீ இனத்தில் ராணி முட்டையிலிருந்து 16 நாளில் வெளிவரும், ஒரு வாரத்தில் பறக்கத் தயாராகும். ஆண் தேனீ வெளிவர 24 நாள், முதிர இன்னும் 12 நாளாவது ஆகும். அப்படியென்றால் ராணிக்குப் புழு எடுப்பதற்குச் சுமார் மூன்று வாரம் முன்பே ஆண் முட்டைகள் இடப்பட்டிருக்க வேண்டும். அதுவும் ராணியின் தாய்ப் பெட்டியில் அல்ல, உறவில்லாத பெட்டிகளில். உடன்பிறந்த ஆண்களோடு சேர்ந்த ராணியின் பெட்டியில் புழு அடைச் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தால் மூடிய அறைகளுக்கு நடுவே அங்கங்கே காலி அறைகள் தெரியும். ஆணுக்கு இயல்பாக ஒற்றை மரபுத்தொகுதிதான்; உறவுக்குள் சேர்ந்ததால் இரட்டை மரபுத்தொகுதியோடு ஆணாகிவிட்ட புழுக்களை வேலைக்காரத் தேனீக்கள் தின்றுவிட்ட இடங்கள் அவை. நோயாலும் இப்படி நேரலாம் என்பதால் புழுக்களின் நிறத்தையும் வாடையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகரந்தம் குறைந்தால் ஆண் புழுக்களைத்தான் கூட்டம் முதலில் கைவிடும். அதனால் மகரந்தத்துக்கு மாற்றாகக் கொடுக்கும் உணவை ராணி வளர்க்கும் பெட்டிக்கு மட்டும் வைக்காமல், அதற்கு முந்தைய மூன்று வாரமும் ஆண் தேனீ வளரும் பெட்டிகளுக்கு வையுங்கள்.