சைக்கிளை மிதித்து 12 வோல்ட் பேட்டரியை சார்ஜ் செய்வது எப்படி?

டைனமோ வைத்த சைக்கிளை ஓட்டியவர்களுக்கு இந்த வேலையில் பாதி ஏற்கெனவே தெரியும். டைனமோவைத் தட்டி டயரில் சாய்த்ததும் மிதி கனக்கும், முன்னால் விளக்கு எரியும். 6 வோல்ட், 3 வாட். காலில் ஏறிய அந்தக் கனம்தான் விளக்கில் வெளிச்சமாக வந்தது. இது புரிந்தால், மோட்டாரையும் ஜெனரேட்டரையும் பெல்ட் போட்டு மாட்டிவிட்டு ‘செலவே இல்லாமல் வீடு முழுக்கக் கரண்ட்’ என்று காட்டும் வீடியோக்களை நம்பிப் பணத்தைத் தொலைக்க மாட்டீர்கள். வெயிலோ, காற்றோ, டீசலோ, காலோ ஏதாவது ஒன்று உள்ளே போனால்தான் கரண்ட் வெளியே வரும்.

நான் காலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எங்கள் கடலூர். 2011 டிசம்பர் 30 காலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ந்தன, கூடவே மின்கம்பங்களும். பல கிராமங்களில் கரண்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும் வெள்ளம், இருட்டு. அந்த மாதிரி நாளில் வானம் மூடிக்கிடக்கும், சோலார் பேனல் சரியாகத் தராது. டீசல் வாங்கப் போகலாம் என்றால் ரோட்டில் தண்ணீர் நிற்கும். கால் மட்டும் கையிருப்பில் இருக்கும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல உடம்புள்ள ஆள் ஒரு மணி நேரம் விடாமல் தரக்கூடியது சுமார் 75 வாட். மோட்டாரிலும் பேட்டரியிலும் ஆகும் இழப்பு போக, திரும்ப எடுக்கக்கூடியது 40 வாட்-மணி என்று வையுங்கள். ஒரு செல்போனை முழுதாக சார்ஜ் செய்து, 5 வாட் எல்இடி விளக்கை மூன்று மணி நேரம் எரிக்கலாம். ஃப்ரிட்ஜ், மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எல்லாம் இதில் நினைக்கவே வேண்டாம். ஆனால் புயல் இரவில் ஒரு விளக்கும் ஒரு போனும் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அந்த இருட்டில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

மோட்டார்

பேட்டரி ஸ்கூட்டரில் வரும் 24 வோல்ட், 250 வாட், பிரஷ் உள்ள டி.சி. மோட்டார் வாங்குங்கள். உள்ளே நிலைக்காந்தம் இருப்பதால் சுற்றினாலே கரண்ட் தரும். பழைய சீலிங் ஃபேன் மோட்டார், மிக்ஸி மோட்டார் சரிப்படாது, அவற்றில் நிலைக்காந்தம் கிடையாது. கார் ஆல்டர்னேட்டரும் காலுக்கு ஏற்றதல்ல. அதன் காந்தச் சுருளுக்கே தனியாகக் கரண்ட் கொடுக்க வேண்டும், வேகமும் அதிகம் கேட்கும்.

சைக்கிளை நிறுத்துவது

நம் பழைய சைக்கிள்களின் பின் ஸ்டாண்டு சக்கரத்தை எப்படியும் தரையிலிருந்து தூக்கிவிடும். ஆனால் மேலே ஏறி மிதித்தால் ஆடும். இரும்பு ஆங்கிளில் அகலமான கால் வைத்து வெல்டிங் செய்துகொள்ளுங்கள்.

லேத் பட்டறையில் 45 மில்லிமீட்டர் விட்டத்தில் ஓர் உருளை கடையச் சொல்லி மோட்டார் தண்டில் மாட்டுங்கள். ஏன் 45? முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல் என்றால், நிமிடத்துக்கு 60 மிதிக்குச் சக்கரம் ஏறக்குறைய 147 சுற்று சுற்றும். சக்கரத்தின் விட்டம் சுமார் 70 சென்டிமீட்டர், உருளையைப் போல 15 மடங்குக்கு மேல். ஆக மோட்டார் 2,200 சுற்றைத் தாண்டும். எதுவும் இணைக்காத நிலையில் 16 வோல்ட் அளவுக்கு வரும், 12 வோல்ட் பேட்டரிக்கு அது போதும். உங்கள் பல் எண்ணிக்கை வேறாக இருந்தால் இதே கணக்கைப் போட்டு உருளையின் அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

மோட்டாரை ஒரு கீல் வைத்த தகட்டில் பொருத்தி, ஸ்பிரிங் போட்டு டயரோடு அழுத்துங்கள். டயர் ஈரமாக இருந்தால் உருளை வழுக்கும், துணியால் துடைத்துவிட்டு மிதியுங்கள்.

ஒயரிங்

முதலில் மல்டிமீட்டரை வைத்து, மிதித்துப் பார்த்து, எந்த ஒயரில் ப்ளஸ் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சிவப்பு ஒயரில்தான் வரும் என்று நம்பவேண்டாம், சுற்றும் திசை மாறினால் அதுவும் மாறிவிடும்.

ப்ளஸ் ஒயரில் 10 ஆம்ப் டையோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) ஒன்று, வெள்ளிக் கோடு பேட்டரிப் பக்கம் பார்த்தபடி. இதை விட்டுவிட்டு நேராக இணைத்தால், நீங்கள் மிதிப்பதை நிறுத்தியதும் பேட்டரி மோட்டாரை ஓட்டும், பின்சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும். குழந்தைகள் விரலை விட்டால் ஆபத்து. டையோடுக்கு அப்புறம் ஒரு ஆம்ப் மீட்டர், அதன்பின் 12 வோல்ட் சோலார் சார்ஜ் கன்ட்ரோலரின் (பேட்டரிக்குப் போகும் கரண்டை அளவோடு விடும் பெட்டி) பேனல் முனைகள். கன்ட்ரோலரில் எப்போதும் பேட்டரியை முதலில் இணைத்துவிட்டு, மோட்டாரைப் பிறகு இணையுங்கள். பேட்டரியின் ப்ளஸ் முனையை ஒட்டியே 15 ஆம்ப் ஃப்யூஸ் கட்டாயம். ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு.

பேட்டரி

இதில் நான் பட்டேன். யுபிஎஸ்ஸில் இருந்து கழற்றிய 7 ஆம்ப்-மணி பேட்டரியை, கன்ட்ரோலர் இல்லாமல் நேராக மாட்டி மிதித்தேன். சில வாரங்களில் அதன் பக்கங்கள் உப்பிவிட்டன, கை வைத்தால் சுட்டது. அவ்வளவு சின்ன பேட்டரி 2 ஆம்புக்கு மேல் தாங்காது, நம் கால் 4 ஆம்ப் தள்ளும். 26 ஆம்ப்-மணி அல்லது அதற்கு மேல் எடுங்கள். அதிலும் சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்காமல் பயன்படுத்துங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

நிதானமாக மிதித்து ஆம்ப் மீட்டரைப் பாருங்கள். முள் 4-க்கு வந்ததும் அதே வேகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேட்டரி நிரம்ப நிரம்ப கன்ட்ரோலர் கரண்டைக் குறைக்கும், மிதி லேசாகிவிடும். அப்போது இறங்கிவிடலாம். விளக்குக்கு 12 வோல்ட் டி.சி. பல்பு, போனுக்குக் காரில் மாட்டும் யுஎஸ்பி சார்ஜர் போதும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இன்வெர்ட்டர் வாங்கி இதை வீட்டு வயரிங்கில், பிளக் பாயிண்டில் செருகாதீர்கள். அந்தக் கரண்ட் லைனுக்குத் திரும்பிப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் உயர்ந்து, மழையில் கம்பம் ஏறி நமக்காக வேலை பார்க்கும் லைன்மேனைக் கொன்றுவிடும்.

கடலோர ஊர்களில் உப்புக் காற்று பேட்டரி முனைகளை அரித்துவிடும், வாசலின் தடவி வையுங்கள். கரண்ட் இருக்கும் மாதங்களிலும் மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள், காலி பேட்டரி சும்மா கிடந்தே செத்துவிடும். எங்கள் வீட்டில் புரட்டாசிக் கடைசியில் சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, ஆளுக்குப் பத்து நிமிடம் மிதித்துப் பார்த்துவிடுவோம்.