ஆண் துணை இல்லாமல் முட்டையிட்ட என் பாம்பு

லண்டனில் நான் வளர்க்கும் கார்ன் ஸ்நேக் என்ற விஷமில்லாத பாம்பு, குட்டியாக வந்தது முதல் ஆண் பாம்பையே பார்த்ததில்லை. ஆனாலும் சட்டை உரித்த சில நாளில் முட்டையிட ஆரம்பித்தாள். கோழி மாதிரிதான், சேவல் இல்லாமலும் முட்டை வரும். ஈரப் பாசி நிரப்பிய மூடி போட்ட டப்பாவை உள்ளே வைத்தேன். நேராக அதற்குள் போய்விட்டாள். முடிக்கும்வரை தொடவில்லை.

அப்புறம் முட்டைகளைப் புரட்டாமல் தனியே வைத்து, சில நாள் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கருவுற்றிருந்தால் சிவப்பு ரத்த நாளங்கள் தெரியும்; இவை வெறும் மஞ்சள். சரி, அகற்றிவிட்டேன்.

என் கவலை அவளைப் பற்றித்தான். வால் பக்கம் ஒரு வீக்கம் அப்படியே இருந்தது. வெளியே வராமல் உள்ளேயே தங்கிய முட்டை அது; உயிருக்கே ஆபத்து. கையால் அழுத்தித் தள்ளினால் உள்ளே கிழிந்துவிடும். ஊர்வன பார்க்கும் மருத்துவர் ஊசியால் முட்டையின் உள்ளிருந்ததை உறிஞ்சி, சுருங்கிய பிறகு எடுத்தார். இப்போது சிறிய எலிகளாகக் கொடுத்து உடம்பைத் தேற்றுகிறேன்.