நாய் நாறினால் முதலில் எந்த நாற்றம் என்று பாருங்கள்

கும்பகோணத்தில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் கடை வைத்திருக்கிறேன். மூக்குதான் எனக்குச் சோறு போடுகிறது. என் வீட்டில் கணையம் வேலை செய்யாத ஜெர்மன் ஷெப்பர்ட் ஒன்று வளர்கிறது. பெயர் டைகர். வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள் எல்லாரும் ஒரே யோசனையைத்தான் சொல்வார்கள்: "நன்றாகக் குளிப்பாட்டுங்கள்." இந்த நோயில் குளியல் கடைசி வேலை. நாயிடமிருந்து வருவது ஒரே நாற்றமும் அல்ல. காறல், கவிச்சி, புளிப்பு என்று பிரித்து முகர்ந்து பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு இடத்திலிருந்து வருவது தெரியும். இடம் தெரிந்தால் வைத்தியமும் தெரியும்.

கணையத்தில் ஏற்படும் கோளாறுகள் பல. நான் சொல்வது, உணவைச் செரிக்க வைக்கும் என்சைம்களைக் கணையம் போதிய அளவு சுரக்காத நோய் பற்றி. ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்தில் இது அதிகம். பெரும்பாலும் இளம் வயதிலேயே தொடங்கிவிடும். நாய் அகோரப் பசியுடன் தின்னும், ஆனால் விலா எலும்பு தெரிய இளைக்கும். வெளிறிய நிறத்தில், எண்ணெய்ப் பசையுடன், குவியல் குவியலாக மலம் கழிக்கும். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில், கணைய என்சைம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் டி.எல்.ஐ. என்ற பரிசோதனை செய்வார்கள். அளவு லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராமோ அதற்குக் குறைவோ இருந்தால், அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்து நோயை உறுதிசெய்வார்கள். வாந்தியும் வயிற்று வலியுமாக வருகிற கணைய அழற்சி வேறு. அதற்குச் சாப்பாட்டு முறையும் வேறு. ஆகவே பரிசோதனை இல்லாமல் எதையும் தொடங்க வேண்டாம்.

வீட்டையே காலி செய்ய வைக்கிற நாற்றம் வாயுவும் மலமும்தான். செரிக்காத கொழுப்பும் மாவும் குடலில் கிடக்க, பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்க வைக்கின்றன. இதற்கு ஒரே வழி, இல்லாத என்சைமை வெளியிலிருந்து கொடுப்பது. பன்றிக் கணையத்திலிருந்து தயாராகும் தூள் கிடைக்கிறது. 10 கிலோ உடல் எடைக்கு வேளைக்கு ஒரு தேக்கரண்டி என்ற கணக்கில் மருத்துவர்கள் பொதுவாகத் தொடங்குவார்கள்; நாய் தேறிய பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். குடலில் போய்க் கரையும்படி பூச்சுப் பூசிய மாத்திரைகள் எல்லா நாய்களுக்கும் தூள் அளவுக்குப் பயன்படும் என்று சொல்ல முடியாது.

கலக்கும் விதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் மின்விசிறியை நிறுத்திவிடுவேன். தூள் பறந்து மூக்கில் ஏறினால் மனிதர்களுக்குத் தும்மலும் இளைப்பும் வரும். உலர் உணவை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, விரலை விட்டுப் பார்ப்பேன். சுட்டால் ஆறும்வரை காத்திருப்பேன், ஏனென்றால் சூடு என்சைமைக் கெடுத்துவிடும். பிறகு தூளைத் தூவி, ஒவ்வொரு உருண்டையிலும் பழுப்புப் பூச்சாகப் படியும்வரை கரண்டியால் புரட்டுவேன். மணிக்கணக்கில் ஊற வைக்கத் தேவையில்லை, கலந்தவுடனே வைக்கலாம். காய்ந்த தூள் வாயில் ஒட்டினால் ஈறும் உதடும் புண்ணாகும். சாப்பிட்டு முடித்ததும் ஈரத்துணியால் வாயைச் சுற்றித் துடைத்து, கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். தூளுக்கே ஒரு முடை வாடை உண்டு. முகத்து மயிரில் தங்கினால் அதுவும் நாற்றக் கணக்கில் சேர்ந்துவிடும். ஈறில் ரத்தம் கண்டால் அளவைக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

அப்புறம் பிஸ்கட். என்சைம் இல்லாமல் உள்ளே போகிற எதுவும் அன்றிரவே வாயுவாகத் திரும்பி வரும். எதிர்வீட்டு அக்காவுக்கு டைகர் மேல் கொள்ளைப் பிரியம். காம்பவுண்டு சுவர் வழியாக நெய் பிஸ்கட் வரும், பொங்கல் வரும், வெள்ளிக்கிழமை என்றால் சர்க்கரைப் பொங்கலே வரும். "பாவம், ஒரு வாய்தானே தம்பி" என்பார். அந்த ஒரு வாயின் விளைவை முகர்ந்தவன் நான். கொடுக்காதீர்கள் என்று சொல்லி அந்த அன்பை வெல்ல முடியாது. தூள் கலந்து சிறு உருண்டைகளாகப் பிடித்த உணவை அவரிடமே ஒரு டப்பாவில் கொடுத்து, "இதை உங்கள் கையால் கொடுங்கள் அக்கா" என்றேன். இருவரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்.

வயிறு இளகினால் பூசணி கொடு, ராகிக் கூழ் கொடு என்பார்கள். இந்த நோய்க்கு அது ஒத்துவராது. நார்ச்சத்து அதிகமானால் என்சைமின் வேலை குறையும். எளிதில் செரிக்கும் உணவைச் சிறிது சிறிதாக, தினமும் ஒரே மாதிரி கொடுங்கள்.

அடுத்தது பின்பக்கத்துக் காறல் வாடை. கொழுப்பு மலம் வாலின் அடியிலும் பின்தொடை மயிரிலும் மெழுகாக ஒட்டிக்கொள்ளும். வெறும் தண்ணீர் ஊற்றினால் போகாது, பரவத்தான் செய்யும். அந்த இடத்து நீள மயிரைக் கத்தரித்துவிடுங்கள். வெதுவெதுப்பான நீரில் நாய்களுக்கான ஷாம்பூ சில துளிகள் விட்டு, துணியை நனைத்து, மயிர் படிந்திருக்கும் திசையிலேயே துடைத்தெடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் காயாமல் விட்டால் காறலோடு மக்கல் வாடையும் சேரும். வாலைத் தூக்கி, விரலிடுக்கு வரை துவட்ட வேண்டும்.

இரும்பும் மீனும் கலந்தாற்போல் திடீரென்று ஒரு கவிச்சி அடித்தால் அது மலம் அல்ல. ஆசனவாயின் இரு பக்கமும் உள்ள சிறு பைகளில் தேங்கும் நீரின் நாற்றம் அது. மலம் கெட்டியாக இருந்தால் வெளியேறும்போது அந்தப் பைகளை அழுத்திக் காலி செய்யும்; இளகிய மலம் அதைச் செய்யாது. நாய் பின்புறத்தைத் தரையில் தேய்த்து இழுக்கும். மருத்துவமனையில் பிதுக்கிவிடுவார்கள். மலம் கெட்டிப்பட்டதும் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும்.

தோலில் பிசுக்கும் புளித்த வாடையும் இருந்து, அக்குளிலும் விரலிடுக்கிலும் சிவந்திருந்தால் மலசீசியா என்ற ஈஸ்ட் பெருகியிருக்கக்கூடும். காதையும் மடித்து முகர்ந்து பாருங்கள். தோல் மாதிரியை மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்தபின், 2 சதவீதம் குளோர்ஹெக்சிடினும் 2 சதவீதம் மைக்கோனசோலும் கலந்த ஷாம்பூவை எழுதித் தருவார்கள். வாரம் இரண்டு முறை. நுரையை 10 நிமிடம் விட்டுவைத்துத்தான் அலச வேண்டும். அந்தப் பத்து நிமிடம் நாய் உங்களை முறைத்துக்கொண்டே நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மனிதர்களின் சோப்பு வேண்டாம். நாற்றத்தை அமுக்க டீ ட்ரீ எண்ணெயோ கற்பூரத் தைலமோ தடவுவது ஆபத்து. நக்கி உள்ளே போனால் விஷம். சாம்பிராணி போடுவது நம் மனத்திருப்திக்கு மட்டுமே.

வாய் நாறினால் பல்லைக் குறை சொல்லும்முன் தோட்டத்தைப் பாருங்கள். செரிக்காத உணவின் சத்து மலத்தில் அப்படியே இருப்பதால் இந்த நாய்கள் தங்கள் மலத்தையே தின்னும். கழித்த உடனே அள்ளிவிடுவதுதான் வழி, அதட்டிப் பயனில்லை. பசி தணிந்தால் பழக்கமும் பெரும்பாலும் விடும்.

படுக்கை விரிப்பு இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வெந்நீரில் துவைத்து, உச்சி வெயிலில் போடுங்கள். மெத்தைக்குள் ஊறிவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

தூள் ஒழுங்காகக் கொடுத்தால் வாயுவும் மலமும் பெரும்பாலும் சில வாரங்களுக்குள் மட்டுப்படும். மயிரின் பளபளப்பு திரும்ப மாதங்கள் ஆகும். அப்படி ஆகவில்லையென்றால் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோயில் அது பல நாய்களுக்கும் குறைந்துவிடும். குறைந்திருந்தால், ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுக்காமல் எடை ஏறுவது கடினம். குடல் பாக்டீரியாவுக்காக டைலோசின், மெட்ரோனிடசோல் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளைச் சில நாய்களுக்கு எழுதுவதுண்டு. அதை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அடங்கியிருந்த நாற்றம் திடீரென்று திரும்பினால் முதலில் தூள் டப்பாவைத் திறந்து பாருங்கள்: ஈரம் பட்டுக் கட்டியாகியிருக்கலாம், காலாவதியாகியிருக்கலாம்.

மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் இனிப்பு நெடி அடித்து, நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துச் சோர்ந்து கிடந்தால், இங்கே சொன்ன எதையும் செய்து பார்க்க வேண்டாம். கணையம் இன்சுலினும் சுரக்காமல் நீரிழிவு முற்றியிருக்கலாம். நள்ளிரவானாலும் வண்டியை எடுங்கள்.