கையைப் பிடிக்கச் சொன்னால் வளையல் போட்டுவிடுகிறார்கள்

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டு வளவில் ஞாயிறுதோறும் காலையில் பெண்களுக்குத் தற்காப்பு சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாக வருகிறவர்களைப் பார்த்தால் பதினைந்து வருடத்துக்கு முந்தைய என்னையே பார்ப்பதுபோல இருக்கும். நகம் வெட்டாமல் வருவது, ஜிமிக்கியோடு வருவது எல்லாம் இரண்டாவது வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அதை விடுங்கள். தானாகச் சரியாகாத தவறுகள் சில உண்டு, அவற்றைச் சொல்கிறேன்.

பதமாகப் பிடிப்பது

மணிக்கட்டைப் பிடிக்கச் சொல்வேன். வளையல்காரர் பிடிக்கிற மாதிரி அவ்வளவு பதமாகப் பிடிப்பார்கள். மற்றவள் லேசாக அசைத்ததுமே பிடி நழுவிவிடும். "வந்துடுச்சு அக்கா!" வரவில்லை, அவள் விட்டுவிட்டாள்.

இதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். நானும் என் சித்தி மகளும் எட்டு மாதம் இப்படித்தான் பழகினோம். என் கை வலிக்குமே என்று அவளுக்குக் கவலை, அவள் கை வலிக்குமே என்று எனக்கு. ஒருநாள் கானாடுகாத்தானில் கல்யாண வீட்டிலிருந்து பஸ்ஸுக்கு நடந்தபோது பைக்கில் வந்தவன் கையைப் பிடித்தான். இரும்பு மாதிரி பிடி. நேரே என் பக்கமாக இழுத்தேன், அதாவது அவனுடைய நான்கு விரல்களோடு மல்லுக்கு நின்றேன். முக்கில் மினிபஸ் வெளிச்சம் திரும்பியதால் விட்டுவிட்டுப் போனான். சுளுக்கு ஆற மூன்று வாரம்.

பிடியில் இளைத்த இடம், கட்டைவிரல் நுனி மற்ற விரல்களோடு சேருகிற இடைவெளி. மணிக்கட்டின் ஒல்லியான ஓரத்தை அதற்கு நேராகத் திருப்ப வேண்டும். பின்னால் சாயாமல் ஒரு எட்டு அவன் பக்கம் வைத்து, நம் முழங்கையை மடக்கி அவன் முழங்கையை நோக்கிக் கொண்டுபோக வேண்டும். கையோடு உடம்பின் பாரமும் சேர்ந்துகொள்ளும். சொல்வதற்கு ஒரு நிமிஷம்தான். ஆனால் பிடிப்பவள் விரல் வெளுக்க இறுக்கினால்தான் அந்த இடைவெளி கைக்குப் பிடிபடும். முதல் நான்கு தடவை மெதுவாக, ஐந்தாவது முறை விடாப்பிடி. வலி தாங்காவிட்டால் தொடையில் இரண்டு தட்டு, உடனே விட்டுவிட வேண்டும்.

இப்போது மாதம் ஒரு வகுப்புக்கு அண்ணன் தம்பிகளைக் கூட்டி வரச் சொல்கிறேன். போன மாதம் ஒரு பேரன் சிரித்துக்கொண்டே அப்பத்தாவின் கையைப் பிடித்தான். கொஞ்ச நேரத்தில் கட்டைவிரலை உதறிக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றான்.

விடுபட்டதும் நின்று திட்டுவது

ஓடுங்கள்.

பின்தெருவுக்குள் ஓடுவது

நம்மூர் வீடுகள் ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு என்று நீளும். பல வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. பின்தெருவில் கத்தினால் புறாதான் பறக்கும். சுற்றானாலும் டீக்கடை, மெடிக்கல் இருக்கிற பக்கம்.

பையின் அடியில் மிளகு ஸ்ப்ரே

ரசத்துக்குக்கூட ஆகாது.

விரலிடுக்கில் சாவி

குத்தினால் முதலில் கிழிவது நம் விரல். (முகப்புக் கதவின் ஒரு சாண் சாவி என்றால் அது வேறு கதை.)

விழுந்தவனை மேலும் மிதிப்பது

நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. தேவைக்கு மேல் காயப்படுத்த 37-ஆம் பிரிவு இடம் தராது. கோபம் நியாயம்தான், ஆனாலும் வேண்டாம்.

இடம் சொல்லத் தெரியாமல் போன் செய்வது

அவசரத்துக்கு 112, பெண்கள் உதவி எண் 181. இரண்டும் எல்லோருக்கும் மனப்பாடம். சரி, எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டால் கோயில், ஊரணி, தெருப் பெயர் எதுவும் வராது. சென்ற வாரம் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். மூன்று பேர் சொன்ன பதில், "ஒரு பெரிய வீட்டுக்குப் பக்கத்துல." செட்டிநாட்டில்!