மலேரியா தடுப்பூசி ஆய்வு முடிவை ஒட்டுண்ணியின் மரபணு வேறுபாட்டோடு சேர்த்துப் படிக்கும் முறை

மலேரியா தடுப்பூசி பற்றிய ஓர் ஆய்வறிக்கையைக் கையில் எடுத்தால், செயல்திறன் சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன், தடுப்பூசியில் உள்ள புரதம் எந்த ரக ஒட்டுண்ணியைச் சேர்ந்தது என்று தேடுங்கள். பெரும்பாலும் 3டி7 என்றே விடை கிடைக்கும். நெதர்லாந்தின் ஷிபோல் விமான நிலையத்துக்கு அருகில் வசித்த ஒரு நோயாளியிடமிருந்து பெறப்பட்ட, ஃபால்சிபாரம் என்ற மிகக் கொடிய இன மலேரியா ஒட்டுண்ணியின் வழிவந்த ரகம் அது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த ஆர்டிஎஸ்,எஸ், 2023-இல் பரிந்துரைத்த ஆர்21 ஆகிய இரண்டு தடுப்பூசிகளுமே இந்த மூலத்தின் சிஎஸ்பி புரதத்தைக் கொண்டு செய்யப்பட்டவை; கொசுக்கடி வழியாக உடலுக்குள் நுழையும் ஒட்டுண்ணியின் மேற்பரப்பைப் போர்த்தியிருக்கும் புரதம் அது. ஆனால் கொசுவின் உடலுக்குள் ஒட்டுண்ணிகள் இனக்கலப்பு செய்து மரபணுக்களைக் கலைத்து அடுக்கிக்கொண்டே இருப்பதால், ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றில் குழந்தைகளைத் தாக்கும் ஒட்டுண்ணிகளில் பல, அந்த ரகத்தை ஒத்திருப்பதில்லை.

அடுத்து, புரதத்தின் எந்தப் பகுதி மாறுகிறது என்று பாருங்கள். சிஎஸ்பியின் நடுப்பகுதியில் நான்கு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே கோவை திரும்பத் திரும்ப வரும். அது எத்தனை முறை வருகிறது என்பது மாறுமே தவிர, கோவை ஏறக்குறைய மாறாது. அதன் பின்முனைப் பகுதியோ ரகத்துக்கு ரகம் வேறுபடும்.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பதை மாலி நாட்டின் பாண்டியாகாராவில் 400 குழந்தைகளிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. அங்கே சோதிக்கப்பட்டது, ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஏஎம்ஏ1 என்ற புரதம். ஒட்டுமொத்தச் செயல்திறன் 17 சதவீதம்தான்; தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவு அது. அத்துடன் நிறுத்தியிருந்தால் தடுப்பூசி தோற்றது என்று எழுதி முடித்திருப்பார்கள். ஆய்வாளர்களோ, நோயுற்ற குழந்தைகளின் இரத்தத்தில் இருந்த ஒட்டுண்ணிகளின் மரபணுவை வரிசைப்படுத்தி, எதிர்ப்பொருள் (நோயெதிர்ப்புக்காக உடல் உருவாக்கும் புரதம்) வந்து பற்றும் இடத்தில் உள்ள எட்டு அமினோ அமிலங்களை மட்டும் ஒப்பிட்டார்கள். அந்த எட்டும் தடுப்பூசியோடு பொருந்திய ஒட்டுண்ணிகளால் வந்த நோய்க்கு எதிராகச் செயல்திறன் 64 சதவீதமாக இருந்தது. அதே ஊரில் ஏஎம்ஏ1 புரதத்துக்கு 200-க்கும் மேற்பட்ட வடிவங்கள் உண்டு என்பதைச் சேர்த்துப் பார்த்தால், 17 என்ற எண் ஏன் வந்தது என்று விளங்கும். என்னைக் கேட்டால், இத்துறைக்கு வரும் மாணவர் முதலில் ஊன்றிப் படிக்க வேண்டிய ஆய்வு இதுதான்.

இவ்வாறு பிரித்துப் பார்க்கும் முறைக்குச் சல்லடைப் பகுப்பாய்வு என்று பெயர்: தடுப்பூசி பெற்றவர்களிடம் சிக்காமல் தப்பி வந்த ரகங்கள் எவை, பெறாதவர்களிடம் காணப்பட்டவை எவை என்று ஒப்பிடுவது. ஆர்டிஎஸ்,எஸ் பற்றி 2015-இல் வெளியான இத்தகைய பகுப்பாய்வில், 5 முதல் 17 மாதக் குழந்தைகளிடம் பின்முனைப் பகுதி முழுதும் பொருந்திய ஒட்டுண்ணிக்கு எதிராக ஓராண்டில் 50 சதவீதமும், பொருந்தாதவற்றுக்கு எதிராக 33 சதவீதமும் செயல்திறன் காணப்பட்டது. தொற்றிய ஒட்டுண்ணிகளில் முழுதும் பொருந்தியவை 10 சதவீதத்துக்கும் குறைவு. 6 முதல் 12 வாரக் கைக்குழந்தைகளிடம் இந்த வேறுபாடு தெரியவில்லை. ஆகவே முடிவை எந்த வயதினருக்குச் சொல்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பகுப்பாய்வை நம்பலாமா என்பதை முறைகள் பகுதியில் சரிபார்க்க வேண்டும். ஒரே குழந்தையின் உடலில் பல ரகங்கள் ஒன்றாக இருப்பது மலேரியா மிகுந்த இடங்களில் சாதாரணம் என்பதால், கலப்புத் தொற்றுகளை எப்படிக் கணக்கிட்டார்கள், குறைந்த அளவில் இருந்த ரகங்களும் பிடிபட்டனவா என்று கேளுங்கள். பொருந்திய ரகம் அரிதாக இருக்கும்போது நம்பக இடைவெளி, அதாவது உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய எல்லை, மிக அகலமாகிவிடும். அதைப் பார்க்காமல் சதவீதத்தை மட்டும் மேற்கோள் காட்டாதீர்கள்.

கடைசியாக, புதிய தடுப்பூசிகளில் இலக்குப் புரதம் எதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று பாருங்கள். சிவப்பணுவின் மேற்பரப்பிலுள்ள பேசிஜின் என்ற ஏற்பியைப் பற்றி உள்ளே நுழைய ஒட்டுண்ணி பயன்படுத்தும் ஆர்எச்5 புரதத்தில் ரகங்களுக்கிடையே வேறுபாடு மிகக் குறைவு. அதனாலேயே அது கவனம் பெற்றது. எனினும் இத்தகைய தடுப்பூசிக்கு மிக அதிக அளவு எதிர்ப்பொருள் வேண்டும். ஆகவே அங்கே ரகப் பொருத்தத்தோடு, எதிர்ப்பொருளின் அளவு எத்தனை மாதம் நிலைத்தது என்ற அட்டவணையையும் தேடிப் படியுங்கள்.