அசையாமல் நிற்கும் நாய் அமைதியாக இருக்கிறதா?

மருத்துவரின் மேசை மேல் ஏற்றியதும் சில நாய்கள் அப்படியே நின்றுவிடும். ஊசி குத்தினாலும் முனகாது, நெளியாது. "எவ்வளவு சமத்து பாருங்க" என்று கூட வந்தவர் பெருமையோடு தலையைத் தடவுவார். கொஞ்சம் குனிந்து பார்த்தால் வேறு கதை தெரியும். வால் வயிற்றுக்கடியில் ஒடுங்கியிருக்கும். வாய் இறுக மூடியிருக்கும். நடுநடுவே நாக்கு மட்டும் வெளியே வந்து மூக்கை நக்கிவிட்டுப் போகும். கண்ணின் வெள்ளை, ஓரத்தில் பிறை போலத் தெரியும். பிடித்த பிஸ்கட்டை நீட்டினாலும் தொடாது. கீழே இறக்கியபின் மேசையைப் பாருங்கள், எஃகின் மேல் ஈரமான பாதத் தடங்கள் இருக்கும். நாய்க்கு வியர்ப்பது பாதத்தில்தான்.

அந்த நாய் பயத்தில் உறைந்து போயிருக்கிறது. விலங்குகளோடு பழகுகிறவர்கள் செய்யும் தவறுகளில் என்னை அதிகம் வருத்துவது இதைச் சமத்து என்று எடுத்துக்கொள்வதுதான். ஆபத்து வந்தால் விலங்கு ஒன்று சண்டை போடும், இல்லையென்றால் ஓடும் என்றுதான் பலரும் படித்திருப்போம். வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியலாளர் 1915-இல் எழுதியதிலிருந்து அந்த ஜோடி மனதில் பதிந்துவிட்டது. உறைதல் அதே அளவுக்கு முக்கியம். மூளைக்குள் இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதியிலிருந்து கிளம்பும் செய்தி நடுமூளையின் சாம்பல் நிறத் திசு ஒன்றுக்குப் போகிறது. அதன் மேற்பகுதி தூண்டப்பட்டால் விலங்கு ஓடும் அல்லது பாயும். கீழ்ப்பகுதி தூண்டப்பட்டால் கல்லாக நின்றுவிடும். அப்போது இதயத்துடிப்பு குறையக்கூடச் செய்யலாம். அதனால் நாடியைப் பிடித்துப் பார்க்கிறவரும் ஏமாந்துபோவார்.

சரி, இரத்தத்தில் கார்ட்டிசாலைப் பார்த்துவிட்டால் உண்மை தெரிந்துவிடுமே என்று தோன்றும். அடுத்த தவறு அங்கேதான் இருக்கிறது. அதற்கு "மன அழுத்த ஹார்மோன்" என்று பெயர் வைத்ததே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பேன். மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி அதன் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி சிறுநீரகத்துக்கு அருகில் இருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்ல, கார்ட்டிசால் வெளியே வருகிறது. சேமிப்பில் இருக்கும் சத்தைச் சர்க்கரையாக்கி உடலுக்குக் கொடுப்பது அதன் முக்கிய வேலை. துரத்தும்போதும், ஓடும்போதும், இணை சேரும்போதும் அது ஏறும். எந்தக் கஷ்டமும் இல்லாத நாளிலும், பகலில் நடமாடும் விலங்குக்கு விடியற்காலையில் ஏறும். இரவில் நடமாடும் எலிக்கு மாலையில் ஏறும். எலியிலும் பறவையிலும் இந்த வேலையைச் செய்வது கார்ட்டிகோஸ்டிரோன் என்ற அதன் உறவுக்கார ஹார்மோன். அதைத் தேட வேண்டிய இடத்தில் கார்ட்டிசாலைத் தேடிவிட்டு, அளவு குறைவாக இருக்கிறது என்று நிம்மதி அடைவதும் தவறுதான்.

நேரக் கணக்கையும் விட்டுவிடக் கூடாது. அட்ரினலின் நொடிகளில் பாயும். கார்ட்டிசால் ஏற சில நிமிடம் பிடிக்கும், இறங்க ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். காட்டுப் பறவையைப் பிடித்தால் சுமார் மூன்று நிமிடத்துக்குள் இரத்தம் எடுத்துவிட வேண்டும் என்று ஆய்வாளர்கள் அவசரப்படுவது அதனால்தான். தாமதித்தால், பிடித்ததால் வந்த பயம்தான் அளவில் தெரியும்.

பிடிக்கவே முடியாத திமிங்கிலத்தை என்ன செய்வது? கனடாவை ஒட்டிய அட்லாண்டிக்கின் பண்டி வளைகுடாவில், மோப்ப நாய்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய், மிதக்கும் சாணத்தைத் தேடிச் சேகரித்தார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சில நாட்கள் கப்பல் போக்குவரத்து குறைந்தது. நீருக்கடியில் இரைச்சல் 6 டெசிபல் இறங்கியது. அந்த நாட்களின் சாணத்தில் அழுத்த ஹார்மோன்களின் மிச்சமும் குறைவாக இருந்தது. இதை 2012-இல் வெளியிட்டார்கள். பின்னால் வந்த ஆண்டுகளிலும் அதே பருவத்தில் சேகரித்து ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் அந்த எண் பேசியது. ஒரே ஒரு மாதிரியை வைத்து ஒரு விலங்கின் மனதைப் படிக்க முயலாதீர்கள்.

கூட்டத்தில் கீழே இருப்பதுதான் எப்போதும் அதிக அழுத்தத்தில் இருக்கும் என்பதும் அவசர முடிவு. கென்யாவின் அம்போசெலியில் வாழும் பபூன் குரங்குகளில், தலைமை ஆணின் அழுத்த ஹார்மோன் அதற்கு அடுத்த இடத்தில் இருப்பதைவிட அதிகம் என்று 2011-இல் தெரியவந்தது. சண்டையும் பெண் குரங்குகளைக் காவல் காப்பதும் சும்மா வருவதில்லை.

அப்புறம் அமிக்டலா. அதை "பயத்தின் மையம்" என்று எழுதுவதை நிறுத்தினால் நல்லது. உணவு வரப்போகிறது என்ற நல்ல செய்திக்கும் அங்கே நரம்பணுக்கள் துடிக்கின்றன. நமக்கு எது முக்கியம் என்று குறித்துவைக்கும் இடம் என்பது இன்னும் பொருத்தம். "பல்லி மூளை" என்ற பேச்சையும் விட்டுவிடலாம். பல்லிக்கும் அமிக்டலாவுக்கு நிகரான பகுதி உண்டு; பாலூட்டியின் மூளை பல்லி மூளையின் மேல் கட்டிய மாடி அல்ல.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். கார்ட்டிசால் போதும் என்று மூளைக்குத் தெரிவிப்பதில் நினைவுக்கு உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸுக்குப் பங்கு உண்டு. இந்த ஹார்மோன் எலியின் ஹிப்போகாம்பஸில் போய் ஒட்டுகிறது என்பதை புரூஸ் மெக்யூவன் குழு 1968-இல் காட்டியது. பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு எலிகளை தினமும் இரண்டு மணி நேரம் அசையவிடாமல் வைத்து, பத்து நாள் கழித்து நரம்பணுக்களைப் பார்த்தது. ஹிப்போகாம்பஸில் கிளைகள் சுருங்கியிருந்தன. அமிக்டலாவிலோ கிளைகள் வளர்ந்திருந்தன. பிறகு 21 நாள் எலிகளைத் தொந்தரவு செய்யாமல் விட்டார்கள். ஹிப்போகாம்பஸ் தேறிவிட்டது. அமிக்டலாவின் வளர்ச்சியும் எலியின் பதற்றமும் அப்படியே இருந்தன.

வதைபட்ட நாயை வீட்டுக்குக் கூட்டிவந்து, "மூணு வாரமா நல்லா சாப்பிடுது, இன்னும் ஏன் இப்படிப் பயப்படுது?" என்று கேட்பவர்களுக்கு நான் இந்த எலிகளைப் பற்றித்தான் சொல்வேன். அதை அடம் என்று நினைத்துத் திட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் அமிக்டலா வழியாக நினைவை ஆழப்படுத்துகின்றன. அந்த நேரத்தில் கேட்ட அதட்டல், பயந்த விஷயத்தோடு சேர்ந்தே பதியும்.

"பிறவிக் குணம், மாறாது" என்று கைவிடுவதும் சரியில்லை. குட்டிகளை அதிகம் நக்கி வளர்க்கும் தாய் எலியிடம் வளர்ந்தவை, பெரியதானபின் அழுத்தத்துக்குக் குறைவாகவே பதறுகின்றன. இதை மைக்கேல் மீனி குழு 1997-இல் காட்டியது. குறைவாக நக்கும் தாயின் குட்டியை நன்றாக நக்கும் தாயிடம் மாற்றி விட்டபோது, அது வளர்த்த தாயின் வழியில் வந்தது.

அந்த மேசை நாய்க்கு வருவோம். முடிந்தால் மேசையே வேண்டாம், தரையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி இல்லாத நாளிலும் ஒருமுறை கூட்டிப்போய் வாசலில் பிஸ்கட் கொடுத்துவிட்டுத் திரும்புங்கள். உண்மையான பரிசோதனை முடிந்ததும் குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது என்று அன்றைக்கே அடுக்காதீர்கள். ஹார்மோன் இன்னும் இறங்கியிருக்காது. வெளியே வந்து அது உடம்பு முழுவதையும் ஒருமுறை உதறும், மண்ணை மோந்து பார்க்கும். அதன்பின் பிஸ்கட்டை நீட்டிப் பாருங்கள். வாங்காவிட்டால் இன்னும் கொஞ்சம் நில்லுங்கள்.