செர்வோ வயரைக் குறுக்க: பிளக் பக்கம் வெட்டுங்கள், செர்வோவைத் திறக்காதீர்கள்

ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) காரில், சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் செர்வோவுக்கும் ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும் நடுவே சில சமயம் 5 செ.மீ. தூரம்தான் இருக்கும். செர்வோவோடு வரும் வயரோ 25, 30 செ.மீ. நீளம். மிச்சத்தைச் சுருட்டிக் கேபிள் டையால் கட்டி வைத்தால் அது ஸ்பர் கியரில் உரசும், டிரைவ் பெல்ட்டில் மாட்டும், பாடி மூட இடம் விடாது. குறுக்க வேண்டியது இதற்காகத்தான். செர்வோவுக்குப் பலம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 22 கேஜ் (எண் குறையக் குறைய வயர் தடிமன் கூடும்) வயரில் 10 செ.மீ. வெட்டினால், போகவும் வரவும் சேர்த்து ஏறத்தாழ 0.01 ஓம் குறையும். செர்வோ 3 ஆம்பியர் இழுக்கும்போதும் அது 0.03 வோல்ட்தான்.

செர்வோவின் அடிமூடியைக் கழற்றி, சர்க்யூட் போர்டிலேயே வயரை எடுத்துக் குட்டையாகப் பற்றவைக்கும் வழியும் உண்டு. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வாரண்டி போகும், தண்ணீர் தடுக்கும் ரப்பர் வளையமும் பழையபடி உட்காராமல் போகலாம். சாயங்கால மழைக்குப் பிறகு செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் கிராலர் (பாறை, மேடு ஏறும் ஆர்சி கார்) ஓட்டுகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். பிளக் முனையில் வெட்டிப் புதுப் பின் போடுவதுதான் நல்ல வழி.

தேவையானவை குறைவு. 2.54 மி.மீ. இடைவெளியுள்ள செர்வோவுக்கான பெண் பின்கள், 3 பின் பிளாஸ்டிக் கூடு (பழையது உடையாவிட்டால் அதுவே போதும்), கூர்மையான பிளேடு, மல்டிமீட்டர், பின்னை வயரில் நசுக்கிப் பிடிக்கவைக்கும் கிரிம்பிங் பிளையர். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்குப் புடு ஜாலான் பசார் எலக்ட்ரானிக் கடைகள் இருக்கின்றன. ஒரு செர்வோவை எடுத்துப்போய் வயர் தடிமனைக் காட்டி வாங்குங்கள். சாதாரண செர்வோவில் 26 கேஜ், பலமான செர்வோவில் 22 கேஜ் இருக்கும். மெல்லிய வயருக்கான பின்னில் 22 கேஜ் வயரின் மேலுறை அடங்காது. பிளையரில் கஞ்சத்தனம் வேண்டாம். எஸ்என்-28பி வகை ராட்செட் பிளையர் (முழுக்க அழுத்தும்வரை வாய் திறக்காதது) போதும். மூக்குக் குறடால் நசுக்கிய பின் மேசையில் வேலை செய்யும், கார் குதித்து இறங்கும்போது விட்டுப்போகும்.

அளவெடுக்க ஸ்கேல் உதவாது. செர்வோவையும் ரிசீவரையும் அதனதன் இடத்தில் பொருத்திவிட்டு, வயர் போகப்போகும் வழியில் ஒரு நூலை ஓட்டிப் பாருங்கள். மோட்டார் வயர்களை விட்டு விலகியே போகட்டும். நூலின் அளவோடு குறைந்தது 3 செ.மீ. கூட்டுங்கள்: பின் கெட்டுப்போனால் வெட்டி மறுபடி போட ஒன்றிரண்டு செ.மீ., பிளக்கைக் கையால் பிடித்துக் கழற்ற மீதி. தண்ணீர் புகாத ரிசீவர் பெட்டி இருந்தால் பெட்டிக்குள் ஓடும் நீளத்தையும் சேர்க்க மறக்காதீர்கள். செர்வோ ஆக்சில் (சக்கர அச்சு) மேலேயே இருக்கும் கிராலர்களில் கணக்கு வேறு. ஒரு சக்கரத்தை முழுக்கத் தூக்கி, பிறகு மறுபக்கத்தையும் தூக்கி, எது அதிகமோ அந்த நீளத்தை எடுங்கள். நிறுத்தி வைத்த நிலையில் அளந்து வெட்டினால் முதல் பாறையிலேயே வயர் இழுபடும்.

வெட்டுவதற்கு முன் பிளக்கை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் சிவப்பு, அது பாசிட்டிவ். ஒரு ஓரம் கறுப்பு அல்லது பழுப்பு, நெகட்டிவ். மறு ஓரம் வெள்ளை, ஆரஞ்சு அல்லது மஞ்சள், சிக்னல். கூட்டின் ஒரு முகத்தில் மூன்று சின்ன நாக்குகள் தெரியும். பிளேடு முனையால் ஒவ்வொன்றையும் மெல்லத் தூக்கி, பின்னை வெளியே இழுங்கள். கால் மில்லிமீட்டர் தூக்கினால் போதும்; அதிகம் தூக்கினால் நாக்கு ஒடியும், கூடு குப்பைக்குத்தான்.

இனி வெட்டலாம். வெட்டிய துண்டைத் தூக்கி எறியாதீர்கள், முதல் நான்கைந்து கிரிம்ப் அதில்தான் பழக வேண்டும். மூன்று வயரையும் முனையிலிருந்து 12 மி.மீ. பிரித்து, மேலுறையை 2 முதல் 2.5 மி.மீ. மட்டும் உரியுங்கள். செம்பு பளிச்சென்று இருக்கிறதா என்று பாருங்கள். நனைந்து ஓடிய காரில் இழைகளுக்கு நடுவே ஈரம் ஊர்ந்து மேலேறி, செம்பு கறுத்திருக்கும். பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். கறுத்த செம்பில் போட்ட கிரிம்ப் எத்தனை இறுக்கமாக இருந்தாலும் தொடர்பு நிலைக்காது.

பின்னின் வால்பக்கம் இரண்டு ஜோடி இறக்கைகள் உண்டு. உள்ஜோடி செம்பைப் பிடிக்கும், வெளிஜோடி மேலுறையைப் பிடிக்கும். இந்த வேலையின் உயிர் இங்கேதான். பிளையர் வாயில் ‘எம்’ போல வளைந்த பக்கத்தை நோக்கி இறக்கைகள் திறந்திருக்கும்படி பின்னை வையுங்கள். ஒரு கிளிக் வரும்வரை அழுத்தினால் பின் அங்கேயே நிற்கும். பிறகு வயரை நுழைத்து, ராட்செட் தானாக விடும்வரை அழுத்துங்கள். மேலுறை உள்ஜோடிக்குள் போய்விட்டால் கிரிம்ப் ரப்பரைப் பிடிக்கும், செம்பை அல்ல. வெளிஜோடி வெறும் செம்பைப் பிடித்தால், அதிர்வில் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். கிரிம்ப் போடும் முன் முனையில் ஈயம் பூசும் பழக்கம் சிலருக்கு உண்டு. செய்யாதீர்கள்: ஈயம் அழுத்தத்தில் மெல்ல நகர்ந்து பிடி தளரும், ஈயம் முடியும் இடத்தில் வயரும் ஒடியும். ஒவ்வொரு பின்னையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால், ஓட்டும்போதும் கழன்றிருக்கும்.

பின்னின் முதுகிலுள்ள சின்னக் கொக்கி கூட்டின் நாக்குப் பக்கம் இருக்கும்படி நுழைத்தால் கிளிக் கேட்கும். கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் வெளிஜோடி தட்டையாகப் பிதுங்கி வழியில் நிற்கிறது. குறடால் லேசாக உருட்டி விடுங்கள். சிக்னலும் நெகட்டிவும் இடம் மாறினால் செர்வோ பொதுவாகச் சும்மா இருக்கும். சிவப்பு ஓரத்துக்குப் போய்விட்டால் மின்சாரம் போகக்கூடாத வழியில் போகும், செர்வோவோ ரிசீவரோ கருகலாம். படத்தோடு ஒப்பிட்டுவிட்டு மூடுங்கள்.

கிரிம்ப் பிளையர் கிடைக்காதவர்கள் வயரை நடுவில் வெட்டிப் பற்றவைக்கலாம். தண்ணீரில் ஓடும் காருக்கு இதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம், மற்றபடி குறையில்லை. மூன்று இணைப்பும் ஒரே இடத்தில் விழக்கூடாது, 8 மி.மீ. தள்ளித் தள்ளி வரட்டும். செர்வோ பக்கம் கறுப்பு குட்டையாக இருந்தால் பிளக் பக்கம் கறுப்பு நீளமாக இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே மாதிரி வெட்டிவிட்டால் ஒரு வயர் இறுகும், இன்னொன்று புடைக்கும். சூட்டில் சுருங்கி இணைப்பை மூடும் ஹீட் ஷ்ரிங்க் குழாயை முதலில் மாட்டி, சூடு படாத தூரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு, 350 டிகிரி செல்சியஸில் விரைவாக முடியுங்கள். சாதாரண பிவிசி மேலுறை அதிக நேரச் சூட்டில் சுருங்கி ஓடும்.

பேட்டரி மாட்டும் முன் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே மல்டிமீட்டரைப் பீப் அடிக்கும் நிலையில் வையுங்கள். ஒரு கணம் பீப் அடித்து நின்றால் அது செர்வோவுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர். நிற்காமல் அடித்தால் ஷார்ட். ஏதோ ஓர் இழை பக்கத்துப் பின்னைத் தொடுகிறது. சரியென்றால் காரை ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்டீயரிங்கை இருபுறமும் வேகமாகத் திருப்பிக்கொண்டே பிளக்கை அசைத்துப் பாருங்கள். செர்வோ நடுங்கினாலோ, ரிசீவர் விளக்கு அணைந்து எரிந்தாலோ, சிவப்பு, கறுப்புப் பின்களை முதலில் சந்தேகப்படுங்கள். மின்னோட்டத்தைச் சுமப்பவை அவை இரண்டும்தான்.